இருவரைப் படமெடுக்கப் போகும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

அடுத்த வாரம் முதன்முறையாக ஒரு ஜோடியைப் படமெடுக்கப் போவதாகவும், எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்று குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். லென்ஸைப் பற்றிச் சொல்கிறேன். அதைவிட முக்கியமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஜோடியாக வருகிறவர்களில் பெரும்பாலும் ஒருவர்தான் ஆசைப்பட்டு வருகிறார். உடையைத் தேர்ந்தெடுத்தவர், இடத்தைச் சொன்னவர், உன்னைத் தேடிப் பிடித்தவர் எல்லாம் அவர்தான். மற்றவர் அவருடைய ஆசைக்காக உடன் வருகிறார். கேமராவைக் கண்டதுமே இவருக்குத் தோள் இறுகும், கை பாக்கெட்டுக்குள் போய்விடும், முகத்தில் கடன் வாங்கிய சிரிப்பு ஒன்று வந்து ஒட்டிக்கொள்ளும். இத்தனை காலம் ஸ்டுடியோவில் நின்று நான் கண்டறிந்தது, படம் தேறுவதும் தேறாததும் இந்த இரண்டாமவரைப் பொறுத்தது என்பதுதான். உன் தயாரிப்பு முழுவதும் அவரை மனதில் வைத்து நடக்கட்டும்.

அதனால் அவருடனும் முன்கூட்டியே தொலைபேசியில் பேசிவிடு. ஏற்பாடு செய்தவரிடம் மட்டும் பேசிவிட்டுப் போகாதே. எந்த போஸ் பிடிக்கும் என்று கேட்டால் அவருக்குப் பதில் தெரியாது. சேர்ந்து நடக்கும்போது யார் எந்தப் பக்கம் வருவீர்கள், யார் வேகமாக நடப்பீர்கள், யார் அதிகம் பேசுவீர்கள் என்று கேள். பழகிய பக்கத்தில் நிற்கவிட்டாலே பாதி விறைப்பு போய்விடும். தன் முகத்தில் எதைக் காட்டப் பிடிக்காது, பிறர் பார்க்க அணைத்துக்கொள்வது கூச்சமாக இருக்குமா என்பதையும் இருவரிடமும் தனித்தனியே கேட்டுவிடு. படமெடுக்கும் இடத்தில் வைத்துக் கேட்டால், துணையின் மனம் நோகக் கூடாது என்று "பரவாயில்லை" என்பார்கள். அந்தப் பரவாயில்லை படத்தில் அப்படியே தெரியும்.

உடை அவர்கள் விருப்பம். பெரிய எழுத்துகள் அச்சிட்டதும் மிக நெருக்கமான கோடுகள் போட்டதும் வேண்டாம் என்று மட்டும் சொல். நெருங்கிய கோடுகள் டிஜிட்டல் படத்தில் அலையலையாகத் தெரிந்து தொல்லை தரும்.

இனி லென்ஸ். உன் கேமரா ஃபுல் ஃபிரேம், அதாவது ஒளியைப் பதிக்கும் சென்சார் பெரியது என்றால், குவியத் தூரம் 85 மி.மீ. உள்ள லென்ஸ் போதும். சென்சார் சிறியது என்றால் 50 மி.மீ. ஏறக்குறைய அதே வேலையைச் செய்யும். 35 மி.மீ. லென்ஸோடு முகத்துக்கு அருகில் போகாதே. அவ்வளவு கிட்டத்தில் மூக்கு பெரிதாகும், முன்னால் நிற்பவர் பின்னால் நிற்பவரைவிடப் பெருத்துத் தெரிவார்.

தனி ஆளைப் படமெடுத்துப் பழகியவர்கள் ஜோடியிடம் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. பின்னணி அழகாகக் கலங்க வேண்டும் என்று லென்ஸின் துளையை அகலத் திறந்து எஃப் 1.8-இல் வைத்துக்கொள்வார்கள். ஃபுல் ஃபிரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.8-இல் வைத்து 2 மீட்டர் தூரத்தில் நின்றால், தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ. மட்டுமே. ஒருவர் மற்றவர் தோளுக்குச் சற்றுப் பின்னால் சாய்ந்தாலே போதும், ஒருவர் கண் கூர்மையாக இருக்கும், மற்றவர் முகம் மங்கிவிடும். கண்ணைக் கண்டுபிடிக்கும் ஃபோகஸும் ஒரு முகத்தைத்தான் பற்றிக்கொள்ளும். துளையைச் சுருக்கி எஃப் 4-க்கு வந்து 3 மீட்டர் தள்ளி நின்றால் அந்த ஆழம் 30 செ.மீ. அளவுக்கு விரியும். வீட்டிலேயே இரண்டு பாட்டில்களை, ஒன்றை ஒரு சாண் பின்னால் தள்ளி வைத்து எடுத்துப் பார். கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், அவர்கள் நிற்கும்போது 1/200 நொடி, நடக்கும்போது 1/500 நொடி. வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வை, கூட்டிக்கொள். அதனால் படத்தில் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பாதகமில்லை, அசைந்த முகத்தை எதுவும் மீட்காது.

இடத்துக்கு முந்தைய நாளே, அதே நேரத்தில் போய்ப் பார்த்துவிடு. உள்ளங்கையை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே மெல்லச் சுற்று. ஓரிடத்தில் விரல் மடிப்புகள் கருத்துத் தெரியும், ஓரிடத்தில் கை முழுவதும் மென்மையாக ஒளிரும். கை ஒளிரும்போது உள்ளங்கை பார்க்கும் திசைக்கு அவர்கள் முகத்தைத் திருப்பினால் போதும். உச்சி வெயில் கண் குழிகளை இருட்டாக்கும். இலைகளுக்கிடையே புள்ளி புள்ளியாக விழும் வெயில் அதைவிட மோசம். கட்டடத்தின் நிழல் ஓரம், அல்லது சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வரும் வெளிச்சம், இந்த இரண்டில் ஒன்றைத் தேடு. பேட்டரிகளை முந்தைய இரவே சார்ஜ் செய்துவிடு, கார்டுகளை காலி செய்து வைத்துக்கொள்.

1840-களில் படமெடுக்க உட்கார்ந்தவர்கள் பல நொடிகள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாதிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைப்பார்கள். இன்று நொடியில் இருநூறில் ஒரு பங்கு போதும், ஆனாலும் மனிதர்கள் தாங்களாகவே அந்தத் தாங்கியை மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அதைக் கழற்றுவதுதான் உன் வேலை. வந்ததும் நிறுத்தி வைக்காதே, நடக்கவிடு. "சிரியுங்கள்" என்று சொல்லாதே. கைகளுக்கு ஏதாவது வேலை கொடு: காலரைச் சரிசெய்யட்டும், முடியை ஒதுக்கிவிடட்டும். தயங்குகிறவரிடம், துணையின் காதில் ஏதாவது சொல்லச் சொல். என்ன சொன்னார் என்று நீ கேட்காதே. கேட்கிறவர் முகத்தைப் பார், சொன்னவர் அதைப் பார்த்து மலர்வதையும் பார். அப்போது அழுத்து. நிற்கும் விதத்தைக் கைவைத்துத் திருத்தாதே, நீயே நின்று காட்டு. உயரம் மிகவும் வேறுபட்டால் படிக்கட்டு இருக்கவே இருக்கிறது.

நாங்கள் 120 என்ற அகலமான ஃபிலிம் சுருளில் எடுத்த காலத்தில் ஒரு சுருளுக்குச் சதுரப் படம் 12-தான். அதனால் முதலில் பேச்சு, பிறகுதான் கேமரா. உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் அந்த வரிசையை வைத்துக்கொள். ஒவ்வொரு படத்துக்கும் பின்திரையைக் குனிந்து பார்க்காதே. உன் நெற்றி சுருங்குவதைக் கண்டால், தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துவிடுவார்கள். நன்றாக வந்த ஒன்றைத் தேர்ந்து, அந்த இரண்டாமவரிடம் முதலில் காட்டு.

அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் சேமித்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும். எப்போது தருவாய் என்று ஒரு தேதி சொல்லிவிடு, அந்தத் தேதிக்குத் தந்துவிடு. எதையும் வெளியில் காட்டும் முன் இருவருடைய சம்மதத்தையும் கேள். ஒருவர் வேண்டாம் என்றாலும் அது வேண்டாம்தான். எனக்கு அனுப்புவதற்கும் அதே விதி. அவர்கள் சம்மதித்தால் திருத்தாத படங்களாகவே அனுப்பு, தொலைபேசியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அன்புடன்,
அப்பா