தங்கச்சி வீட்டுக்குப் போனேன்

மேலூர்

அன்புள்ள மாப்ள,

முழங்கால் வலி தேவலையா? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அழகர் ஆற்றில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, கூட்டத்தோடு கோரிப்பாளையம் வரை வந்தவன் அப்படியே தங்கச்சி வீட்டுக்கு நடந்தேன். பதினாறு வருஷமாச்சு.

அப்பா காரியம் முடிந்த கையோடு அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய் பங்கு வேண்டாமென்று விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினேனே, நினைவிருக்கும். பெரியாறு பாசனத்தில் ஒண்ணேகால் ஏக்கர். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சமபங்கு என்று நம் மாநிலத்தில் 1989லேயே சட்டம் வந்தாயிற்று. அவள் கல்யாணம் அதற்குப் பிறகு, 1991ல்தான். அவளுக்குப் பங்கு உண்டென்று எனக்கு நன்றாகத் தெரியும். "அண்ணன் இருக்கேன்ல, சீர்செனத்தியில குறை வைப்பேனா?" என்றேன். கைநாட்டு வைத்த விரலைச் சேலைத் தலைப்பிலேயே துடைத்துக்கொண்டாள். சண்டை போடவில்லை. மகள் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வரவில்லை, அவ்வளவுதான். தாய்மாமன் முறையைச் சித்தப்பா மகன் நின்று செய்தான்.

போனதும் சொம்பு நிறைய நீர்மோர் கொடுத்தாள். திண்ணையில் உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். "மன்னிச்சிரு தாயி" என்றேன். கை நிற்கவில்லை. நாலு பூ, ஒரு முடிச்சு. மறுபடி நாலு பூ.

"மன்னிக்க நான் யாருண்ணே? நீ காட்டுன எடத்துல ரேகை வச்சவ."

அன்றைக்கு ரேகை கேட்டேன், இன்றைக்கு மன்னிப்பு. இரண்டுக்கும் அவள் தலையாட்ட வேண்டும் என்றுதானே போயிருக்கிறேன்! "அண்ணனே இறங்கி வந்துட்டான், இன்னும் என்ன வீம்பு?" என்று சொந்தபந்தம் அவளைத்தான் பேசும். இறங்கி வருகிறவன் மேலே உட்கார்ந்திருந்தான் என்பது யார் கண்ணிலும் படாது.

மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்கத்தான் அழகர் வருகிறார் என்பது கோயில் கதை. நம் சனம் சொல்வது, தங்கச்சி கல்யாணத்துக்குத் தாமதமாக வந்து, கோபித்துக்கொண்டு ஊருக்குள் நுழையாமலே திரும்பிய அண்ணன் கதை. அண்ணன் கோபத்துக்கு இத்தனை பெரிய திருவிழா. மீனாட்சி மனசு என்ன பாடுபட்டது என்று எந்தக் கிழவியும் எனக்குச் சொன்னதில்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தாள். "நெலம் இப்ப வெளையுதாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

பத்திரம் எழுதுபவரைப் பார்த்துவிட்டேன். பாதியை அவள் பேருக்கு செட்டில்மென்ட் எழுதுகிறேன். கூடப்பிறந்தவளுக்கு என்பதால் முத்திரைக் கட்டணம் ஒரு சதவீதம்தான். வீட்டில் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாசத்துக்குச் சோறு கிடைக்காது. தங்கச்சி வாங்கிக்கொள்வாளா என்பதும் தெரியாது.

வருகிற புதன்கிழமை வந்துவிட்டுப் போ. அந்தப் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன் நீதானே, இதற்கும் நீயே போடு. ஆதார் கார்டை மறந்துவிடாதே.

உன்
பழைய பெஞ்சுக்காரன்