லடாக் போக பெரிய வண்டி தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த லடாக் சாலைப் பயணக் கட்டுரையில் இரண்டு விஷயங்களைத் திருத்தியாக வேண்டும். 'ஃபோர் வீல் டிரைவ் இல்லாமல் மணாலி–லே சாலையில் இறங்காதீர்கள், டெல்லியில் வாடகைக்காவது எடுங்கள்' என்ற யோசனை வாசகர்களுக்கு வீண் செலவு. மணாலியில் கிளம்பி முதல் இரவு சர்ச்சு, மறுநாள் லே என்று கட்டம் போட்டுக் கொடுத்திருந்த அட்டவணையோ உயிருக்கே ஆபத்து. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மணாலி இருப்பது சுமார் 2,050 மீட்டர் உயரத்தில். சர்ச்சு சுமார் 4,290 மீட்டரில். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக்கூடாது என்பது மலையேறுவோருக்கு மருத்துவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. சர்ச்சுவில் முதல் இரவு படுத்தால் பலருக்குத் தலைவலியும் வாந்தியும் நள்ளிரவில் ஆரம்பிக்கும். உயரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் சர்ச்சுவிலிருந்து கீழே இறங்க வேண்டுமென்றால் முதலில் மேலே ஏறியாக வேண்டும். தெற்கே பாரலாச்சா லா (லா என்றால் கணவாய்) சுமார் 4,890 மீட்டர், வடக்கே லாச்சுங் லா 5,000 மீட்டருக்கும் மேல். இடையில் கூடாரக் கடைகள்தான். இருட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு அந்தக் கணவாய்களைக் கடக்கும் நிலைமை யாருக்கும் வரக்கூடாது.

தமிழ்நாட்டிலிருந்து சொந்தக் காரில் போகிறவர்கள் ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குவதே நல்லது. கிருஷ்ணகிரியில் பிடிக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகர் வரை கொண்டுபோய் விடுகிறது. ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கார்கில் 2,676, லே 3,500 என்று ராத்தங்கல் படிப்படியாக உயர்கிறது. அந்தப் பாதையின் மிக உயரமான இடமான ஃபோட்டு லாவே 4,108 மீட்டர்தான். லேயில் இரண்டு முழு நாள் சும்மா இருந்துவிட்டுப் பிறகு நுப்ரா, பாங்காங் பக்கம் போகலாம். மணாலி வழியாகத்தான் ஏறுவேன் என்பவர்கள் ஜிஸ்பாவில் (சுமார் 3,200 மீட்டர்) இரண்டு இரவு தங்கி, விடியற்காலை 5 மணிக்குக் கிளம்பி, நடுவில் எங்கும் படுக்காமல் லே போய்ச் சேர வேண்டும். நாள் முழுக்க ஓட்ட வேண்டியிருக்கும். வண்டி ஓட்டத் தெரிந்தவர் இரண்டு பேர் இருப்பது நல்லது. உயரத்தால் வரும் நோய்க்கான அசிட்டசோலமைடு மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கிப் போட வேண்டாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது வினையாகலாம். குடும்ப மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வண்டிக்கு வருவோம். 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை (9.02 கி.மீ.) திறந்த பிறகு, ரோதாங் கணவாயின் சேற்றில் காத்துக்கிடக்கும் வேலை ஒழிந்தது. மீதிப் பாதையிலும் பெரும்பகுதி தார்ச்சாலையே. சோதிப்பவை நடுநடுவே வரும் சிறு துண்டுகள்: சரிந்த மண், உடைந்த சாலை, குறுக்கே ஓடும் ஓடை. இவற்றைக் கடக்க வண்டியின் விலை உதவாது. பாரம் குறைவாக இருந்தால் உதவும்.

சிறிய ஹேட்ச்பேக் காரின் தரை இடைவெளி பொதுவாக 160 முதல் 170 மி.மீ. ஐந்து பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றினால் பின்பக்கம் அதில் மூன்று நான்கு சென்டிமீட்டர் போய்விடும். ஆயில் சேம்பரும் சைலன்சரும் கல்லில் இடிபடுவது அப்போதுதான். இதற்காக ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் ஸ்பேசர் வைத்து வண்டியைத் தூக்குகிறார்கள். வேண்டாம். டிரைவ் ஷாஃப்ட் கோணம் மாறி ஜாயின்ட் தேயும். மூன்று பேருக்கு மேல் போகாதீர்கள், மேலே கேரியர் போடாதீர்கள். தூக்கின உயரம் தானாகக் கிடைத்துவிடும். ஆயில் சேம்பருக்குக் கீழே இரும்புத் தகடு ஒன்று அடித்துக்கொண்டால் போதும்.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். நம் சிறிய கார்கள் அநேகமாக முன்சக்கரத்தால் இழுப்பவை. செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்னால் சாய்ந்து முன்சக்கரத்தின் பிடி தளரும். டிக்கியில் கனமான பெட்டி இருந்தால் சரளைக் கல்லில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். தண்ணீர்க் கேன், டூல்ஸ் போன்ற கனமானவற்றை முன் சீட்டுக்குப் பின்னால் தரையில் வையுங்கள். அப்படியும் சுற்றினால் ஆட்களை இறக்கிவிட்டு, கொஞ்சம் கீழே வந்து, முதல் கியரில் ஒரே ஓட்டமாக ஏறுங்கள். அதுவும் முடியாவிட்டால் வண்டியைத் திருப்பி ரிவர்ஸில் ஏற்றலாம். இழுக்கிற சக்கரம் அப்போது தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் எடை அதன் மேல் விழும்.

மணாலி–லே சாலையில் உள்ள 5,328 மீட்டர் உயர டங்லங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. டர்போ இல்லாத 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்குப் பாதி மூச்சுதான் கிடைக்கும். இரண்டாம் கியரில் ஏறிய இடம் முதல் கியரைக் கேட்கும். இது பழுதல்ல, பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கிளட்சுக்கு. பிக்கப் இல்லையே என்று ஹாஃப் கிளட்ச்சில் நிறுத்தி நிறுத்தி ஏற்றினால் கருகிய வாடை வரும். அந்த இடத்திலேயே கால்மணி நேரம் ஆறவிட வேண்டும். புறப்படுமுன் ஒரு சோதனை செய்யலாம்: ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பிடித்து, மூன்றாம் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாகக் கொடுத்து கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் உடனே நின்றுவிட்டால் நல்லது. நிற்காமல் உறுமிக்கொண்டிருந்தால் பிளேட் வழுக்குகிறது என்று அர்த்தம், ஊரிலேயே மாற்றிவிடுங்கள். கிளட்ச் பெடல் இல்லாமல் தானாகவே கியர் மாறும் ஏ.எம்.டி. கார்க்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியை நிறுத்திப் பிடிப்பது அந்த கிளட்ச்சைத் தின்றுவிடும். மேனுவல் நிலையில் முதல் கியரில் பூட்டிக்கொண்டு ஏறுங்கள்.

ஓடைகளுக்கு ஒரு நேரக் கணக்கு உண்டு. அவற்றில் ஓடுவது பனி உருகிய நீர். விடியற்காலையில் கணுக்கால் நனையும் ஓடை, வெயில் ஏறியபின் பெருகத் தொடங்கி, பிற்பகலில் முழங்காலைத் தாண்டும். காலை 5 மணிக்குக் கிளம்பச் சொல்வது இதற்கும் சேர்த்துத்தான். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் மட்டும் கணக்கு மாறும். இரவு உறைந்த நீர் காலையில் கண்ணாடிபோலச் சாலையில் கிடக்கும். அப்போது வெயில் படும்வரை பொறுங்கள்.

ஓடைக்கு முன் வண்டியை நிறுத்தி, லாரி எந்தத் தடத்தில் போகிறது என்று பாருங்கள். சிறிய காரின் சக்கர மையம் தரையிலிருந்து சுமார் 28 செ.மீ. நீர் அதற்கு மேல் என்றால் இறங்கக்கூடாது, மறுநாள் காலைதான். அதற்குக் கீழே என்றால் முதல் கியர், சீரான ஆக்சிலேட்டர், நடுவில் கிளட்ச்சை மிதிக்கவோ கியர் மாற்றவோ கூடாது. தண்ணீருக்குள் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டனால் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இழுத்துக் கரையேற்றி, ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். அது நனையாமல் காய்ந்திருந்தால் மட்டுமே ஸ்டார்ட் செய்யலாம். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி சிறிது தூரம் ஓட்டினால் ஈரம் காயும்.

தமிழ்நாட்டு வண்டிகளுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. கூலண்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வருவோம். நம் ஊரில் அதனால் வருவது பெரும்பாலும் துருதான். சர்ச்சு, பாங் பக்கம் செப்டம்பர் இரவுகளில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும். வெறும் தண்ணீர் உறைந்து விரிந்தால் ரேடியேட்டரும் பிளாக்கும் வெடிக்கும். பழையதை முழுக்க இறக்கிவிட்டு, எத்திலீன் கிளைக்கால் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி ஊற்றினால் மைனஸ் 35 டிகிரி வரை தாங்கும். வைப்பர் தண்ணீரையும் மறக்காதீர்கள். நான்கு வயதான பேட்டரியை ஊரிலேயே மாற்றுங்கள்.

டயருக்கு வருகிறேன். இங்கே 33 பி.எஸ்.ஐ. அடைத்த டயர், வெப்பம் மாறாமல் இருந்தால் 5,000 மீட்டரில் 40-ஐத் தொடும். வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதே காரணம். குளிர் அதில் பாதிக்கு மேல் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதனால் காலையில் டயர் சூடாகுமுன் அளந்து, கம்பெனி சொன்ன அளவுக்குக் கொண்டுவாருங்கள். இறங்கியதும் மறுபடி அடைக்க வேண்டும். 12 வோல்ட் பம்ப் இதற்காகத்தான். ஆணிப் பஞ்சருக்கு பிளக் கிட் போதும். ஆனால் அங்கே கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழிக்கும். அதற்கு பிளக் நிற்காது. ஸ்டெப்னி முழு அளவில் இருக்கட்டும். அந்த அளவுக்குப் பொருந்தும் டியூப் ஒன்றும் வைத்திருங்கள்: கிழிசலுக்கு உள்ளே ஒட்டுப்போட்டு, டியூப் மாட்டி, அடுத்த ஊர்வரை மெதுவாகப் போய்ச் சேரலாம்.

டங்லங் லாவிலிருந்து உப்ஷி வரை சுமார் 60 கி.மீ.க்குள் ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்குகிறது. நியூட்ரலில் உருட்டுவது தற்கொலை. ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதிதாக 205 டிகிரியில் கொதிப்பது, ஈரம் ஏறியபின் 140-லேயே கொதித்துவிடலாம். கொதித்தால் பெடல் பஞ்சாகும். இரண்டு வருடம் ஆகியிருந்தால் மாற்றுங்கள்.

பெட்ரோல் கணக்கு எளிது. சுரங்கப்பாதைக்கு அப்பால் வரும் தண்டி என்ற ஊரில் டேங்கை நிரப்பினால், லேக்கு முன்னால் உள்ள கரு என்ற ஊர் வரை சுமார் 330 கி.மீ.; இடையில் எதையும் நம்பாதீர்கள். லிட்டருக்கு 12 கி.மீ. என்று வைத்தாலும் 35 லிட்டர் டேங்க் போதும், 10 லிட்டர் இரும்பு கேனில் கூட இருக்கட்டும். விளிம்புவரை நிரப்பக்கூடாது, உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் உள்ளே இருக்கும் ஆவி முட்டும். சி.என்.ஜி. வண்டிக்கும் அங்கே பெட்ரோல்தான்.

கூட வைத்திருக்க வேண்டியவை: ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஹெட்லைட் பல்பு, ஒரு லிட்டர் இன்ஜின் ஆயில், ஒரு லிட்டர் கூலண்ட், இழுவைக் கயிறு, ஜம்பர் கேபிள், ஆயில் சேம்பர் ஓட்டையை அடைக்கும் எபாக்ஸி, கழன்ற பம்பரைக் கட்ட பத்துப் பதினைந்து கேபிள் டை. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகைத் துண்டு. சேற்றில் அது இல்லாமல் ஜாக்கி புதையும். வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கையில் ரொக்கம் வேண்டும்.

டெல்லியில் வாடகைக்கு எடுக்கும் யோசனையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வெளியூர் வாடகை வண்டியில் நுப்ராவுக்கோ பாங்காங்குக்கோ சுற்றிப் பார்க்கப் போக லேயின் டாக்ஸி சங்கங்கள் விடுவதில்லை. பெரிய வண்டியை லேயில் நிறுத்திவிட்டு உள்ளூர் டாக்ஸிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். சொந்தப் பெயரில் உள்ள சிறிய காருக்கு அந்தத் தடை இல்லை.

கடைசியாக, கட்டுரையில் கர்துங் லா 18,380 அடி, உலகின் மிக உயரமான வண்டிச் சாலை என்று இருந்தது. அதன் உயரம் 5,359 மீட்டர், அதாவது 17,582 அடி. அதே லடாக்கில் உள்ள உம்லிங் லா சாலை 5,798 மீட்டர்.

இப்படிக்கு,
கார் ஒர்க் ஷாப் நடத்தும் வாசகர்,
ஓசூர்