கட்டானா இரும்பை வெட்டாது

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த சாமுராய் வாள் கட்டுரையைப் படித்தேன். ஆயிரம் முறை மடித்து அடித்த இரும்பாம், கவசத்தோடு சேர்த்து ஆளையே பிளந்துவிடுமாம். ஜப்பானிய சாமுராய்களின் அந்தக் கட்டானா வாள் அருமையான ஆயுதம்தான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் சண்டையில் அது எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று ஒரு வரிகூட இல்லாமல் முழுப் பக்கமும் புகழ்ச்சியாகப் போய்விட்டது.

முதலில் அந்த மடிப்பு. ஆயிரம் தடவை யாரும் மடிப்பதில்லை. ஒவ்வொரு மடிப்பிலும் அடுக்கு இரட்டிப்பாவதால் பத்துத் தடவையிலேயே 1,024 அடுக்கு வந்துவிடும், பெரும்பாலும் பதினைந்துக்குள் நிறுத்திவிடுவார்கள். இரும்பு மணலையும் மரக்கரியையும் போட்டு இரவு பகலாக மூன்று நாள் எரித்து எடுக்கிற தமாஹகானே என்கிற வாள் உருக்கில் கரிமம் ஒரு இடத்தில் கூட இருக்கும், ஒரு இடத்தில் குறைந்திருக்கும், இடையில் கசடு வேறு. மாவு பிசையும்போது உப்பு எல்லாப் பக்கமும் பரவுகிற மாதிரி, அதைச் சமப்படுத்தத்தான் இந்த மடிப்பெல்லாம்.

உண்மையான சாமர்த்தியம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. முதுகுப் பக்கம் களிமண்ணைத் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லிசாகவும் பூசி, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்குவார்கள். சட்டென்று குளிர்கிற கூர்ப்பக்கம் ரொம்பக் கடினமாகிவிடும், முதுகு மெதுவாகக் குளிர்ந்து இளக்கமாகவே நிற்கும். அந்தக் கடினத்தால்தான் அப்படி ஒரு கூர்மை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்து வெட்டினால், கவசம் இல்லாத உடம்பில் அது செய்கிற வேலையை வேறு சில வாள்கள்தான் செய்யும். ஆனால் அதே கடினம்தான் அதன் வினையும். எதிராளியின் வாளிலோ எலும்பிலோ கோணலாகப் பட்டால் கூர் சில்லுச் சில்லாகப் போகும். இளகிய முதுகு உடையாமல் தாங்கும், சரி, ஆனால் வளைந்தால் வளைந்ததுதான். நல்ல ஐரோப்பிய வாள் ஸ்பிரிங் மாதிரி நிமிர்ந்துகொள்ளும், இது நிமிராது. கையைக் காப்பாற்றச் சின்ன வட்டத் தகடு ஒன்றுதான், அப்புறம் சுமார் 70 செ.மீ. அலகோடு, ஒரு மீட்டர் நீள ரேப்பியர் என்கிற ஒல்லியான ஐரோப்பிய வாளால் குத்த வருகிறவனை நெருங்குவதே பெரும்பாடு. பிடிக்குள் அலகைப் பிடித்துவைத்திருப்பது ஒரு மூங்கில் ஆணி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிஜச் சண்டையில் என்ன நடக்கும் என்பதற்கு 1864இல் கியோத்தோவின் இகெதாயா சத்திரத்தில் நடந்த மோதலைப் பார்த்தால் போதும். அந்த நகரைக் காவல் காத்த ஷின்சென்குமி படையின் தலைவர் கொண்டோ இசாமி பிறகு வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் கணக்கே கொடுத்திருக்கிறார்: தன் வீரர்களில் நாகாகுராவின் வாள் ஒடிந்தது, ஓகிதாவின் வாள்முனை போனது, தோதோவின் வாள் கூரெல்லாம் சிதைந்து துடைப்பக்குச்சி போல ஆனது. தன் வாள் மட்டும் தப்பியது, ஒருவேளை அது பேர்போன வாள்கொல்லர் கொத்தெத்சு செய்தது என்பதாலோ என்னவோ என்கிறார் (அது அசல் கொத்தெத்சுதானா என்று இன்றுவரை சந்தேகம் உண்டு). ஒரே ராத்திரியில், தேர்ந்த வீரர்கள் கையில் இந்தக் கதி.

கவசத்தைப் பிளக்கும் கதைக்கும் ஒரு வேர் உண்டு. 1880களில் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் வாள்வீரர் சாகாகிபாரா கென்கிச்சி இரும்புத் தலைக்கவசத்தில் வெட்டு விழவைத்தார். ஆனால் கவசம் இரண்டாகவில்லை, அன்றைக்கு முயன்ற மற்றவர்களுக்கு அந்த அளவும் முடியவில்லை. அசையாமல் வைத்த கவசத்திலேயே இப்படி. அதனால்தான் போர்க்களத்தில் சாமுராய் முதலில் நம்பியது வில்லை, பிறகு ஈட்டியை, 1543க்குப் பிறகு துப்பாக்கியையும். 1575இல் நாகாஷினோ போரில் குதிரைப்படையைத் தடுத்து நிறுத்தியவர்கள் வாள்காரர்கள் இல்லை, வேலிக்குப் பின்னால் நின்ற துப்பாக்கிக்காரர்கள். வாளுக்கு ராஜமரியாதை கிடைத்தது பெரிய போர்கள் ஓய்ந்த எடோ காலத்தில், யாரும் கவசம் போடாமல் தெருவில் நடந்தபோதுதான்.

அப்புறம் கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் இடுப்பில் வாள் கூர் கீழே பார்த்தபடி செருகியிருக்கிறது. கட்டானாவைக் கூர் மேலே பார்க்கத்தான் செருகுவார்கள், உருவுகிற வீச்சே வெட்டாக விழ வேண்டும் என்பதற்காக. கூர் கீழே பார்க்கத் தொங்கவிடுவது குதிரைமேல் போகிறவர்களின் பழைய தாச்சி வாளை.

இப்படிக்கு,
ஒரு வாசகன்