முக ஒப்பீட்டுப் பதிவை எங்களிடம் கொடுங்கள்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கும் குற்ற வழக்குத் தொடர்வுத் துறை இயக்குநர் அவர்களுக்கும்,

வணக்கம். நாங்கள் எதிரித் தரப்பில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர் சார்பில், ஆஜராகும் வழக்கறிஞர்கள். கேமராப் பதிவும் மென்பொருள் முடிவும் சாட்சியமாக வரும் வழக்குகளை நடத்துகிறவர்கள். ஒருவரைப் பிடிக்க, முகத்தை வைத்து ஆளை அடையாளம் தேடும் முகமறி மென்பொருள் உதவியிருந்தால், அந்த ஒப்பீட்டின் முழுப் பதிவும் குற்றப்பத்திரிகையோடு சேர்ந்து எதிரியின் கைக்கு வரவேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல்.

2021 அக்டோபரில் இந்த மென்பொருள் தமிழகக் காவல்துறையில் அதிகாரபூர்வமாகத் தொடங்கப்பட்டது. ரோந்தில் இருக்கும் காவலர் கைப்பேசியில் ஒரு முகத்தைப் படமெடுத்தால், காவல்துறையின் படத் தொகுப்பில் உள்ள முகங்களோடு ஒப்பிட்டுக் காட்டுகிறது. காணாமற்போன ஒரு குழந்தையை அது மீட்டுத் தந்தால் எங்களுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கைதானவரைக் காவலில் வைக்கக் கோரும் ரிமாண்ட் அறிக்கையில் ‘நம்பத்தகுந்த தகவல் கிடைத்ததன் பேரில்’ என்று மட்டும் எழுதியிருந்தால், அந்தத் தகவலைத் தந்தது ஆளா, மென்பொருளா என்பது நீதித்துறை நடுவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. தெரியாத ஒன்றைப் பற்றிக் குறுக்கு விசாரணையில் என்ன கேட்க முடியும்?

மென்பொருள் ‘இவர்தான்’ என்று சொல்வதில்லை. சில முகங்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் ஓர் ஒற்றுமை மதிப்பெண் போட்டுக் கொடுக்கிறது. 80 என்று வந்தால், அவராக இருக்க நூற்றுக்கு 80 வாய்ப்பு என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இரண்டு படங்களின் அளவுகள் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்பதை மட்டுமே அந்த எண் காட்டுகிறது. மென்பொருளுக்கு மென்பொருள் அதன் கணக்கும் மாறும். 80 சதவீதத்துக்கு மேல் வந்தால் பொருத்தம் என்று கொள்வதாக டெல்லிக் காவல்துறை 2022இல் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பதில் தந்தது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு. ஆயிரம் ஒப்பீட்டுக்கு ஒருமுறை மட்டுமே தவறும் மென்பொருள் என்று வைத்துக்கொள்வோம். 5 லட்சம் முகங்கள் உள்ள தொகுப்பில் அது 500 தவறான ஆட்களைக் காட்டிவிடும். உண்மையான திருடனின் படம் தொகுப்பிலேயே இல்லாவிட்டாலும் முதலிடத்துக்கு ஒரு முகம் வந்து நிற்கக்கூடும்.

அடுத்து, உள்ளே போடும் படம். கம்பத்தின் உச்சியில் இருக்கும் கேமராவில், இரவில், தெருமுனையில் போகிறவரின் இரு கண்களுக்கும் இடையே 15 பிக்சல்கூடக் கிடைக்காது. அதைத் ‘தெளிவாக்க’ செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டால் இமையும் மூக்கு நுனியும் அழகாக வந்துவிடும். அவை கேமரா பார்த்தவை அல்ல. வேறு முகங்களிலிருந்து கற்றதை வைத்துச் செயலி நிரப்பியவை. அப்படி மெருகேற்றிய காணொளியை 2024இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு கொலை வழக்கில் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அங்கே அதைக் கொண்டுவந்தது எதிரித் தரப்பு. யார் கொண்டுவந்தாலும் சிக்கல் ஒன்றுதான்.

இதைவிட எங்களை அஞ்சவைப்பது அடுத்து நடப்பது. பட்டியலில் வந்த முகத்தைக் கைப்பேசியில் சாட்சியிடம் காட்டி ‘இவனா பாருங்க’ என்று கேட்டுவிட்டால், பிறகு சிறையில் பலரை வரிசையில் நிறுத்திச் சாட்சியிடம் காட்டும் அடையாள அணிவகுப்புக்குப் பொருளே இல்லை. சாட்சி அடையாளம் காட்டுவது சம்பவத்தில் பார்த்தவரையா, திரையில் பார்த்தவரையா என்று பிரிக்கவே முடியாது. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 2020இல் ராபர்ட் வில்லியம்ஸ் கைதானது இப்படித்தான். பட்டியலில் அவருடைய பழைய ஓட்டுநர் உரிமப் படம் ஒன்பதாவது இடத்தில் இருந்தது. சம்பவத்தை நேரில் பார்க்காத, கேமராப் பதிவை மட்டும் பார்த்த ஒருவரிடம் படங்களைக் காட்டி அடையாளம் வாங்கினார்கள். 2024இல் அந்த நகரம் 3 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்தது. முகமறி முடிவை மட்டும் வைத்துக் கைது செய்வதில்லை, வேறு ஆதாரமில்லாமல் அதிலிருந்து நேராகச் சாட்சியிடம் படங்களைக் காட்டும் பட அணிவகுப்புக்குப் போவதில்லை என்றும் ஒப்புக்கொண்டது.

சட்டம் நம்மிடமே இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 230ஆம் பிரிவின்படி எதிரி ஆஜரான 14 நாட்களுக்குள் நகல்கள் தரவேண்டும். அதன் 193ஆம் பிரிவின்படி மின்னணுச் சாதனம் யார் யார் கையில் இருந்தது என்ற வரிசையை இறுதி அறிக்கையில் சொல்லவேண்டும். மின்னணுப் பதிவுக்குச் சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏவின் 63(4) பிரிவு கேட்கும் சான்றிதழில் ‘அ’ பகுதியும், நிபுணர் கையெழுத்திடும் ‘ஆ’ பகுதியும், கோப்பு மாறியதா என்று காட்டும் கணக்கு எண்ணான ஹேஷ் மதிப்பும் வேண்டும். நடைமுறையில் இது எங்கே தவறுகிறது என்றால், கடைக்காரர் டி.வி.ஆர். எனும் கேமராப் பதிவுப் பெட்டியின் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்; ஹேஷ் அந்த நகலுக்கு எடுக்கப்படுகிறது. கணக்குச் சரியாகத்தான் வரும், ஆனால் அது மூலப் பதிவைப் பற்றி எதையும் சொல்லாது. ஒருசில வாரங்களில் டி.வி.ஆர். பழைய பதிவின் மேலேயே புதியதை எழுதிவிடும். அதன் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின்னாக ஓடுகிறது என்பதைக் கைப்பற்றும் அன்றே, அதற்கென எழுதும் மகஜரில் குறிக்காவிட்டால் பிறகு குறிக்க வழியில்லை.

ஆகவே, ஒப்பீடு நடந்த ஒவ்வொரு வழக்கிலும் இவை வேண்டும்: உள்ளே போட்ட மூலப் படம், அதை வெட்டியோ வெளிச்சமூட்டியோ இருந்தால் அந்தப் பிரதிகள், வந்த பட்டியல் முழுவதும் மதிப்பெண்களோடு, அன்று இருந்த மென்பொருள் பதிப்பு, பொருத்தம் என்று கொள்ள வைத்திருந்த மதிப்பெண் வரம்பு, தொகுப்பில் எத்தனை முகங்கள், தேடியவர் பெயரும் நேரமும், பட்டியலிலிருந்து ஒருவரைத் தேர்ந்தவர் எழுதிய காரணம். பட்டியலில் வேறு யாருக்கு அதிக மதிப்பெண் வந்தது என்பதுதான் எதிரிக்குச் சில நேரம் ஒரே தற்காப்பு. 2023இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய விவரங்களை எதிரிக்குத் தரவேண்டும் என்று தீர்ப்பளித்தது. பட்டியலில் உள்ள பிறரின் பெயரை மறைத்தே கொடுங்கள், அதில் எங்களுக்கு மறுப்பில்லை.

2024 மே மாதம் தமிழகக் காவல்துறையின் முகமறி இணையதளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்த செய்தி வந்தபின், யார் எந்தக் கணக்கில் தேடினார் என்ற பதிவின் நம்பகமும் கேள்விக்கு உள்ளாகியிருக்கிறது. அந்தப் பதிவை யாரும் திருத்த முடியாதபடி, மேல்முறையீடு முடியும்வரை பாதுகாக்க உத்தரவிடுங்கள். சாட்சி அடையாளம் காட்டும்வரை மென்பொருள் தந்த படத்தை அவர் கண்ணில் படவிடக் கூடாது என்று நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை இந்த மாதமே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
எதிரித் தரப்பு வழக்கறிஞர்கள் சிலர்