ஜிடானின் சிவப்பு அட்டையும் ஜிலார்தியின் குரலும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டிகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வெளிவந்த கட்டுரையில், 2006 ஜூலை 9 அன்று பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் பிரெஞ்சு அணித் தலைவர் ஜினடின் ஜிடான் இத்தாலிய வீரர் மட்டெராஸியைத் தலையால் முட்டி வெளியேற்றப்பட்டது விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. பிரான்சில் அந்த ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் பார்த்த இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்களில் நானும் ஒருவன். எங்களுக்கு அந்தக் காட்சி தியெரி ஜிலார்தி என்ற வர்ணனையாளரின் குரலோடு சேர்ந்தேதான் நினைவுக்கு வரும். அவர் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லாததால் இதை எழுதுகிறேன்.

1958-இல் பிறந்த ஜிலார்தி, கனால் ப்ளூஸ் தொலைக்காட்சியில் பல ஆண்டுகள் கால்பந்து நிகழ்ச்சிகளைத் தொகுத்து வழங்கியும் வர்ணனை செய்தும் பெயர் பெற்ற பின், 2004-இல் டி.எஃப்.1 தொலைக்காட்சிக்கு வந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது தியெரி ரோலான் அமர்ந்திருந்த இருக்கை. 1998-இல் பிரான்ஸ் உலகக் கோப்பையை வென்ற இரவில் நாடே கேட்டது ரோலானின் குரலைத்தான். அவரோடு நெடுங்காலம் இணைந்து வர்ணித்த முன்னாள் ஆட்டக்காரர் ழான் மிஷேல் லார்க்கே, ஜிலார்திக்கும் துணையாக அமர்ந்தார். ஒரு தலைமுறையின் காது பழகிவிட்ட குரலுக்குப் பின் வருவது எளிதன்று. ஜிலார்தி ரோலானைப் போலப் பேச முயலாமல் தம் வழியிலேயே பேசினார்.

பெர்லினில் கூடுதல் நேர ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது, பந்து வேறு பக்கம் இருந்த நேரத்தில் அந்த மோதல் நிகழ்ந்தது. முதலில் நாங்கள் கண்டது தரையில் கிடந்த மட்டெராஸியை மட்டுமே. பிறகு திரையில் மறுகாட்சி வந்தது. அப்போது ஜிலார்தி சொன்னதைத் தமிழில் இப்படித் தரலாம்: “இது வேண்டாம் ஜினடின்! ஐயோ, இது வேண்டாம்! இன்று வேண்டாம், இப்போது வேண்டாம், நீ இவ்வளவும் செய்த பிறகு வேண்டாம்!”

பிரெஞ்சு மொழியிலும் நம் மொழியைப் போலவே நீ, நீங்கள் என்ற இரண்டும் உண்டு; அவர் சொன்னது ‘நீ’. நேயர்களுக்கு விளக்க வேண்டியவர், அந்த ஒரு கணம் எங்களை விட்டுவிட்டு, தம் குரல் எட்டாத தூரத்தில் மைதானத்தில் நின்றவரிடம், தம்பியிடம் பேசும் அண்ணனைப் போலப் பேசினார். ‘இன்று’ என்றது, அந்தத் தொடரோடு ஓய்வு பெறுவதாக முன்பே அறிவித்திருந்த ஜிடானின் கடைசி ஆட்டநாளை. ‘இப்போது’ என்றது, வெற்றியைத் தீர்மானிக்கும் பெனால்டி உதைகளுக்குப் பத்து நிமிடங்களே எஞ்சியிருந்த வேளையை. ‘இவ்வளவும்’ என்றதில், 1998 இறுதிப் போட்டியில் அவர் அடித்த இரண்டு கோல்களும் அன்று ஏழாவது நிமிடத்திலேயே அடித்த பெனால்டியும் அடங்கும். அந்தச் சொற்களில் செயலுக்குச் சமாதானமும் இல்லை, செய்தவர்மீது வசையும் இல்லை. வர்ணனையாளர் நடுநிலை தவறினார் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். நடந்தது தவறு என்பதை அதைவிடத் தெளிவாக அந்த இரவில் வேறெவரும் எனக்குச் சொல்லவில்லை. பெனால்டி உதைகளில் இத்தாலி 5–3 என வென்றது.

ஜிலார்தி கால்பந்தோடு நின்றவரும் அல்லர். 2007-இல் பிரான்சில் நடந்த ரக்பி உலகக் கோப்பையின் ஆட்டங்களையும் அவர் வர்ணித்தார். தாம் நேசித்த விளையாட்டைப் பேசும்போது அவர் குரலில் வந்த மகிழ்ச்சியை, ரக்பி விதிகள் அரைகுறையாகவே தெரிந்த என்னாலும் உணர முடிந்தது.

2008 மார்ச் 25 அன்று, 49 வயதில், மாரடைப்பால் அவர் காலமானார். மறுநாள் ஸ்தாத் து ஃபிரான்ஸ் அரங்கில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதின; டேவிட் பெக்காம் தம் நாட்டுக்காக ஆடிய நூறாவது ஆட்டம் அது. ரிபெரி பெனால்டியில் கோல் அடிக்க, பிரான்ஸ் 1–0 என வென்றது. எங்கள் வீட்டில் கோலுக்கு யாரும் கைதட்டவில்லை. வர்ணனையில் வேறொருவரின் குரல் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
லா கூர்நெவ், பிரான்ஸ்.