வாசித்தது நானல்ல, மற்றவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலப் பத்திரிகைகளின் 'துணிச்சலான பேனாக்களை'ப் புகழ்ந்து உங்கள் பத்தியாளர் சென்ற இதழில் எழுதியதை வாசித்தேன். நன்றாக எழுதக்கூடியவர்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரி என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ளவிடவில்லை. "பிடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட்டுப் போகவேண்டியதுதானே, முறைப்பாடு எதற்கு?" என்று கேட்டிருந்தார்.

ஐயா, எங்களைப் பற்றி எழுதுவதை நாங்கள் வாசிப்பதால் வரும் கேடு கொஞ்சம்தான். மற்றவர்கள் அதை வாசித்துவிட்டு வந்து எங்கள் முகத்தைப் பார்க்கிறார்களே, அதற்கு நான் எந்தப் பக்கத்தைத் திருப்புவது?

2015 ஏப்ரல் 17ஆம் திகதி, 'த சன்' பத்திரிகையில் பத்தியாளர் கேட்டி ஹொப்கின்ஸ், மத்தியதரைக் கடலில் படகேறி வருபவர்களைக் கரப்பான்பூச்சிகளோடு ஒப்பிட்டு எழுதினார். மீட்புப் படகு வேண்டாம், பீரங்கிப் படகு அனுப்புங்கள் என்பது அதன் சாரம். அதற்கு அடுத்த நாள் இரவு லிபியாவுக்கு அப்பால் ஒரு படகு கவிழ்ந்து 800 பேருக்கு மேல் இறந்தார்கள். நான் அப்போது ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். திங்கட்கிழமை இடைவேளைக்குப் போனால் மேசையில் அந்தப் பத்திரிகை விரித்தபடி கிடக்கிறது. நான் அதை ஒருநாளும் காசு கொடுத்து வாங்கியவள் அல்ல. ஒன்பது வருடம் என் பக்கத்தில் நின்று வேலை செய்த பெண், "நீயும் இப்படித்தானே படகில் வந்திருப்பாய்?" என்று கேட்டாள். அவள் மனதில் வஞ்சகம் இல்லை, அது எனக்குத் தெரியும். நான் வந்தது விமானத்தில். ஆனால் அந்த நேரத்தில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால், படகில் வந்தவர்கள் வேறு சாதி, நான் வேறு சாதி என்று ஆகிவிடும் போலிருந்தது. தேத்தண்ணியைக் குடிக்காமலே எழுந்து போனேன்.

இதைத்தான் உங்கள் பத்தியாளர் "கொஞ்சம் காரமான எழுத்து" என்கிறார். ஐ.நா.வின் அப்போதைய மனித உரிமை ஆணையாளர் செயிட் ராட் அல் ஹுசைன் அதை அப்படிப் பார்க்கவில்லை. ருவாண்டாவில் படுகொலைக்கு முன் ஒரு பத்திரிகையும் ஒரு வானொலியும் துட்சி இனத்தவரை இதே சொல்லால் அழைத்ததை அவர் நினைவுபடுத்தினார். இங்கே பத்திரிகைகள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் 'இப்சோ' என்ற அமைப்புக்கு நூற்றுக்கணக்கில் முறைப்பாடுகள் போயின. பாரபட்சம் பற்றிய 12ஆம் விதி தனிமனிதரைப் பற்றியது மட்டும்தான், ஒரு கூட்டத்தைப் பற்றியது அல்ல என்பதால் அவை நிற்கவில்லை. பெயர் சொல்லி ஒருவரைத் திட்டினால் பிழை, ஒரு கடல் நிறைய ஆட்களைத் திட்டினால் பிழை இல்லை என்று ஒரு விதி இருக்கலாமா? 'இம்ப்ரெஸ்' என்ற இன்னொரு அமைப்பின் விதிகளில் ஒரு குழுவுக்கு எதிராக வெறுப்பைத் தூண்டுவதும் குற்றமாக இருக்கிறது. ஆகவே அப்படி ஒரு விதி எழுத முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. பெரிய பத்திரிகைகள் அதில் சேரவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம், கட்டுரையில் ஒரு பிழையும் இருக்கிறது. "25,000 பேர் முறையிட்டும் ஒன்றும் நடக்கவில்லை" என்று 'சன்' பத்தியாளர் ஜெரமி கிளார்க்சன் பற்றி எழுதியிருக்கிறார். இரண்டு வேறு சம்பவங்களை ஒன்றாக்கிவிட்டார். 2009 ஒக்டோபரில் பாடகர் ஸ்டீபன் கேட்லி இறந்து, அடக்கம் நடப்பதற்கு முதல்நாள், 'டெய்லி மெயில்' பத்தியாளர் ஜான் மொயர் அந்த மரணத்தைச் சந்தேகத்தோடு கொச்சைப்படுத்தி எழுதினார். அதற்கும் ஏறத்தாழ 25,000 முறைப்பாடுகள்தான். அவற்றை நிராகரித்தது 'இப்சோ'வுக்கு முன்பிருந்த பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழு, 2010இல். பத்திரிகை ஆசிரியர்களுக்கான ஒழுக்கக்கோவையை எழுதும் குழுவுக்கு அப்போது தலைவராக இருந்தவர் அதே 'டெய்லி மெயில்' ஆசிரியர் போல் டேக்கர். கிளார்க்சன், இளவரசர் ஹரியின் மனைவி மேகனைப் பற்றி எழுதியது 2022 டிசம்பரில். அதில் 2023 ஜூனில் 'இப்சோ' பெண்ணை இழிவுபடுத்தும் எழுத்து என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பின் சுருக்கத்தை அவருடைய பத்தி வரும் அதே பக்கத்தில் போடவேண்டும் என்றும் சொன்னது. முறையிட்டவர்களுக்குக் கிடைத்த ஒன்றிரண்டு வெற்றிகளில் அது ஒன்று. அதையும் இல்லாமல் ஆக்கிவிட்டாரே என்பதுதான் என் கவலை.

உங்களுக்குத் தெரியாததல்ல. 2009இல் ஈழத்துப் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் நாங்கள் கூடியபோது நீங்களும் வந்தீர்கள், உங்கள் அட்டைப்படமே அதுதான். அங்கே பரமேஸ்வரன் 23 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அந்த ஒக்டோபரில், ஜான் மொயரின் பத்திக்கு ஒரு வாரம் முன்பு, உண்ணாவிரதத்தின்போது பரமேஸ்வரன் ஒளித்து பேர்கர் தின்றார் என்று அதே 'டெய்லி மெயில்' எழுதியது, 'சன்'னும் எழுதியது. பொலிஸ் கமெராவில் பிடிபட்டார் என்றார்கள். பொய். அப்படி ஒரு கண்காணிப்பே நடக்கவில்லை என்று பின்னர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. 2010 ஜூலையில் இரண்டு பத்திரிகைகளும் சேர்ந்து 77,500 பவுண் நட்டஈடு கொடுத்தன.

ஆனால் இடையில் போன அந்த ஒன்பது மாதம்? ஆசிரியரே, அந்தச் செய்தியை நானும் நம்பினேன். பிளாஸ்கில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு மழையில் அந்தச் சதுக்கத்தில் நின்றவள் நான். ஆங்கிலப் பேப்பரில் வந்தால் பொய்யாக இருக்காது என்று என் வீட்டுக்காரர் சொன்னார், நானும் தலையாட்டினேன். கோயிலில் நாலு பேர் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேவலமாகக் கதைத்தபோது பேசாமல் நின்றேன். அவரை ஒதுக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள் மட்டுமல்ல, நாங்களும்தான். வழக்கு முடிந்தபிறகு அவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. உங்கள் பத்தியாளர் சொல்லும் பக்கத்தை அன்றைக்கு நான் திருப்பத்தான் செய்தேன். மனதில் ஏறியது ஏறியதுதான்.

திருத்தம் போடுகிறார்களே என்பீர்கள். எங்கள் பகுதியில் வந்த ஒரு வாரப் பத்திரிகை, எங்கள் தேர்த்திருவிழாவுக்கு அடுத்த வாரம், தெரு முழுக்கக் குப்பையை விட்டுவிட்டுப் போனோம் என்று ஒரு பத்தி போட்டது. அன்று பின்னேரம் ஆறு மணிவரை நின்று தெருவைக் கூட்டியவர்களில் நானும் ஒருத்தி. மூன்று கடிதம் எழுதினோம், படம் அனுப்பினோம். ஏழாவது வாரம் பழைய கார் விளம்பரங்களுக்குக் கீழே இரண்டு வரி வந்தது. அதை வாசித்த ஒருவரை இன்றுவரை நான் சந்திக்கவில்லை. குப்பைக் கதையை வாசித்தவர்கள் இன்றைக்கும் அதே தெருவில்தான் இருக்கிறார்கள்.

வெள்ளைக்காரப் பத்திரிகைகளை மட்டும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. மலையக மக்களைக் 'கள்ளத்தோணி' என்று சொன்ன நாட்டிலிருந்து வந்தவர்கள் நாங்கள். அந்தச் சொல்லைச் சிங்களவர் மட்டும் சொல்லவில்லை, எங்கள் வீடுகளிலும் சொன்னார்கள், நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது என் காதால் கேட்டிருக்கிறேன். 1948இல் அந்த மக்களின் குடியுரிமை போனபோது எங்களில் எத்தனை பேருக்கு வலித்தது? அந்தச் சொல் காதுக்குப் பழகிப்போயிருந்தது. அதனால்தான் தமிழில் எழுதுகிற ஒருவர், கரப்பான்பூச்சி என்று எழுதியதைத் துணிச்சல் என்று புகழும்போது எனக்கு இவ்வளவு நோகிறது. பலமுள்ளவரைப் பற்றி எழுதி அடி வாங்கினால் அது துணிச்சல். கடலில் தத்தளிப்பவர் திருப்பி என்ன எழுதப்போகிறார்?

சரி, நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. கிளார்க்சன் பற்றிய பிழையை அடுத்த இதழில் திருத்துங்கள். கடைசிப் பக்கத்தில் ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். உங்கள் பத்தியாளரின் படம் வரும் அதே பக்கத்தில், அதே எழுத்து அளவில் போடுங்கள். பரமேஸ்வரனின் வழக்கு எப்படி முடிந்தது என்பதையும் அதோடு இரண்டு வரி சேர்த்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன். அந்தப் பேர்கர் கதையை இன்னமும் உண்மை என்று நினைப்பவர்கள் உங்கள் வாசகர்களுக்குள்ளேயே இருக்கிறார்கள். சென்ற மாதம் ஒரு கலியாண வீட்டில்கூட ஒருவர் அதைச் சொல்லிச் சிரித்தார். இந்த முறை நான் பேசாமல் இருக்கவில்லை.

இப்படிக்கு,
நீண்டகால வாசகி ஒருத்தி,
லண்டன்