ரிச்சி தெரு அண்ணாவுக்கும், உடன் நின்ற எல்லோருக்கும்

போட்டியில் எங்கள் காலேஜ் டீமின் ரோபோ ஓடிவிட்டது. நான்கு சக்கரங்களும் சொன்னபடி சுற்றின. களத்தை விட்டு வெளியே வந்த கையோடு இதை எழுதுகிறோம். போன வாரம் மோட்டார்கள் என்ன ஆட்டம் காட்டின என்பது இதைப் படிக்கும் பெரும்பாலோருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு ஒரே வரி: நிற்கச் சொன்னாலும் இரண்டாவது சக்கரம் தானாகத் துள்ளியது, மோட்டாருக்குக் கரன்ட் கொடுக்கும் டிரைவர் போர்டு போய்விட்டது என்று நினைத்தோம்.

நன்றியில் பெரும்பங்கு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவில், நரசிங்கபுரம் தெரு திரும்பும் பக்கம், மாடிப்படிக்குக் கீழே சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணாவுக்கு. பேரோ கடைப் பேரோ போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ராத்திரி, ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மறுநாள் ஞாயிறு, பெரும்பாலான கடைகள் திறக்காது. நாங்கள் கேட்டது இரண்டு பி.டி.எஸ். 7960 டிரைவர் போர்டு. அவரிடம் இருந்தது. கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருக்கலாம். "போர்டு போச்சுன்னு யாருப்பா சொன்னது? வண்டிய உள்ள கொண்டாங்க" என்றார்.

அவர் போர்டைத் தொடவே இல்லை. ரோபோவின் மூளையான ஆர்டுயினோ மெகா போர்டிலிருந்து ஒவ்வொரு டிரைவருக்கும் போகும் கறுப்பு கிரவுண்ட் (மைனஸ் பக்க) ஜம்பர் ஒயரை விரல் நுனியால் தடவிக்கொண்டே வந்தார். மூன்றாவது டிரைவரின் கிரவுண்ட் பின் பக்கத்தில் விரல் நின்றது. அங்கே ஒயரின் தோல் ஒரு சென்டிமீட்டருக்கு இளகி, பளபளவென்று சுருங்கியிருந்தது. சிக்னலுக்குப் போட்ட ஒயர் சூடாக வேண்டிய அவசியமே இல்லை. சூடாகியிருக்கிறது என்றால் மோட்டார் கரன்ட் அந்த வழியாகத் திரும்பியிருக்கிறது. அது திரும்ப வேண்டிய பி மைனஸ் (பேட்டரி மைனஸ்) டெர்மினலில் பிடிப்பு இல்லை.

இதில் எல்லா டீமும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. துள்ளிய சக்கரம் இரண்டாவது. கோளாறு மூன்றாவது டிரைவரில். மூன்றாவதின் கரன்ட் மெல்லிய ஜம்பர் வழியாக மெகாவுக்குள் புகுந்து, மற்ற டிரைவர்களின் கிரவுண்ட் ஒயர் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்புகிறது. அதனால் மெகாவின் கிரவுண்ட் வோல்ட்டேஜே பூஜ்யத்திலிருந்து மேலே ஏறிவிடுகிறது. மெகா "நில்" என்று பூஜ்யம் அனுப்பினாலும், பக்கத்து டிரைவர் அதை ஒன்றரை, இரண்டு வோல்ட்டாகப் பார்க்கிறது. அந்த போர்டில் சிக்னலை வாங்கிக்கொள்ளும் 74எச்.சி.244 பஃபர் சிப்புக்குச் சுமார் 1.5 வோல்ட்டைத் தாண்டினால் பூஜ்யமா ஒன்றா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. ஆகவே புரோகிராமில் தேடினாலும் எதுவும் கிடைக்காது, துள்ளுகிற மோட்டாரை மாற்றினாலும் தீராது. புது போர்டு போட்டிருந்தால் இன்னும் மோசம்: ஸ்க்ரூவைப் புதிதாக முறுக்கியதாலேயே கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, சரியாகிவிட்டது என்று நம்பவைத்துவிட்டுக் களத்தில் காலை வாரியிருக்கும்.

டெர்மினல் ஏன் லூஸானது? ஒயர் முனையில் ஈயம் (சால்டர்) ஏற்றி ஸ்க்ரூவில் முறுக்கியிருந்தது. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் சால்டர் மெத்தென்ற உலோகம். ஸ்க்ரூவின் அழுத்தத்தில் நாளாக ஆக நசுங்கி விலகிக்கொடுக்கும். அதிர்வும் சூடும் சேர்ந்தால் சீக்கிரமே பிடிப்பு போய்விடும்.

மல்டிமீட்டரில் பீப் சத்தம் வந்ததே என்று கேட்டதற்கு, அதை நம்பாதே என்றார். அந்தப் பஸ்ஸர் இணைப்பில் சில பத்து ஓம் தடை இருந்தாலும் அடிக்கும். அது அனுப்புகிற கரன்ட் ஒரு மில்லி ஆம்பியர் அளவுதான். இணைப்பில் 0.2 ஓம் இருந்தால் பஸ்ஸருக்குத் தெரியாது, ஆனால் 10 ஆம்பியர் போகும்போது அங்கேயே 2 வோல்ட் விழும். அவர் அளந்த விதம் இது: மீட்டர் டி.சி. வோல்ட்டில், ஒரு முனை ஒயரின் செம்பில், மறு முனை போர்டின் அடியில் அதே டெர்மினலின் சால்டர் புள்ளியில். சக்கரம் சுற்றாதபடி மரக்கட்டையை முட்டுக்கொடுத்து (கையால் பிடிக்கவே கூடாது), பாதி வேகத்தில் ஓரிரு நொடி மட்டும் ஓட்ட வேண்டும். நல்ல இணைப்பில் சில பத்து மில்லிவோல்ட்தான் காட்டும். எங்களுடையதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஏறியது.

ஈயம் ஏறிய முனைகளை வெட்டி, புதிதாக 10 மில்லிமீட்டர் சீவி, இரண்டரை ஸ்கொயர் எம்.எம். ஃபெரூல் (ஒயர் முனைக்கான சின்ன உலோகக் குழாய்) மாட்டி, டூலால் நசுக்கி கிரிம்ப் செய்து காட்டினார். முதல் முனை அவர் கை, மிச்சம் எங்கள் கை. ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். நான்கு பி மைனஸையும் பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரே பஸ் பாரில் (ஒயர்களை ஒன்றுசேர்க்கும் உலோகப் பட்டை) சேர்க்கச் சொன்னார். இளகிய ஜம்பரைக் கத்தரித்துத் தூர எறிந்தார். மெகா விழித்தெழும் வரை பின்கள் பூஜ்யமா ஒன்றா என்று நிலையில்லாமல் மிதக்கும் என்பதால், டிரைவரை இயங்கவிடும் எனேபிள் பின்களிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்று. சுவிட்ச் போட்டதும் வண்டி ஒரு உதறு உதறுவது அதோடு நின்றது. ஒரு கை நிறைய ஃபெரூலும் தன் கிரிம்பிங் டூலையும் கொடுத்தனுப்பினார். அவர் தினமும் பிழைப்பு நடத்தும் டூல் அது. காசு நீட்டியபோது, "போய் ஜெயிச்சுட்டு வாங்க, அப்புறம் பாக்கலாம்" என்று ஷட்டரை இழுத்துவிட்டார்.

விடிய விடிய லேப் சாவியை விட்டுவைத்த லேப் அசிஸ்டென்ட் ஐயாவுக்கும், அர்த்தராத்திரியில் போனை எடுத்த சீனியர் அண்ணன்களுக்கும் அக்காவுக்கும், மழையில் ரோபோவைத் தன் ரெக்சின் விரிப்பால் மூடிக் கூட்டிவந்த ஆட்டோ அண்ணாவுக்கும், எங்களை எதிர்த்து ஆட வேண்டியிருந்தும் சார்ஜ் ஏற்றிய லிப்போ பேட்டரியைத் தூக்கிக் கொடுத்த டீமுக்கும் மனமார்ந்த நன்றி.

அண்ணா, டூல் பத்திரமாக இருக்கிறது, திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது கொண்டுவருகிறோம். எங்களுக்கென்று ஒன்று வாங்கப்போகிறோம். கூட ஒரு டப்பா ஃபெரூல், கொஞ்சம் தடித்த கறுப்பு ஒயர், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர். இனி எந்தப் போட்டிக்குப் போனாலும் அந்தப் பெட்டி எங்கள் மேஜையில் திறந்தே இருக்கும். எந்த காலேஜாக இருந்தாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், மீட்டர் பிடிக்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடலாம்.